ராஜகோபால் செய்தது பிழையா?

தோல்வி வந்தவுடன் ஆளை மாற்று என்று கூவுவது நம் மக்களிடையே ஒரு வழக்கமாகவே போய்விட்டது. சங்கத்தில் வரவு குறைந்தால் காரியதரிசியை மாற்று. பள்ளியில் தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியரை மாற்று. பந்தாட்டத்தில் தோற்றால் பயிற்றுநரை மாற்று. மாற்றப்பட்டவர் போனபின் என்ன மாறிற்று என்று கேட்பவர் மட்டும் ஒருவரும் இல்லை. அப்படி ஒருவர் துணிந்து கேட்டுவிட்டால், அடுத்தபடியாக மாற்றப்பட வேண்டியவர் அவரே என்று தீர்மானமாகிவிடும்.

இவ்விதக் கூச்சலுக்கு ஆளான ஒருவரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். அவர் கே. ராஜகோபால். 2009 முதல் 2013 இறுதி வரை மலேசிய தேசியக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநராக இருந்தவர். அவர் பதவி விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும், எங்கள் ஜாசின் பக்கத்துக் காப்பிக் கடைகளில் அவர் பெயரை எடுத்தால் உடனே இரண்டு கட்சிகள் பிறந்துவிடுகின்றன. ஒரு கட்சி, அவர் தமிழர் என்பதற்காகவே அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொள்ளும். மற்றொரு கட்சி, 2010ஆம் ஆண்டு அவர் பெற்ற வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டு, பின்னர் வந்த தோல்விகளை மட்டும் விரல்விட்டு எண்ணும்.

இவ்விரு கட்சியிலும் நான் சேர்ந்தவனல்லன். ஒருவர் தமிழராய்ப் பிறந்தது அவர் செய்த காரியமன்று. அதற்காக அவரைப் புகழ்வது, பிறப்பைப் பார்த்து மனிதனை மதிக்கும் பழைய வியாதியின் மற்றொரு தோற்றமே ஆகும். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த பி. சத்தியநாதனும் தமிழர்தாம். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–5 என்று தோற்றபின் அவர் விலக்கப்பட்டபொழுது, இன்று மார்தட்டுகிற நம்மவரில் எத்தனை பேர் அவருக்காக ஒரு வார்த்தை பேசினோம்? ஆகவே பிறப்பை ஒருபுறம் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அதிர்ஷ்டம் என்பவர்களுக்கும் அந்த வேலையைக் கொண்டே விடை சொல்லலாம்.

இதைப் பேச எனக்கென்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நான் மலாக்கா மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை பார்ப்பவன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பதும், பிறகு அலுவலகத்தில் குலை எடை, உரம், சம்பளம் முதலிய பேரேடுகளை எழுதுவதும் என் தொழில். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவனாதலின், காற்பந்தைப் பற்றி இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் புத்தகங்களைச் சிறு வயது முதல் வாசித்து வருகிறேன். எனினும் ஒரு குழுவை எவ்வாறு கட்ட வேண்டும் என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவை அப்புத்தகங்களல்ல. என் மேசைமீது கிடக்கும் மறுநடவுக் கணக்கே அதனைக் காட்டியது. அது எவ்வாறு என்பதைப் பின்னர் கூறுவேன்.

முதலில், ராஜகோபால் வந்த காலத்து நிலைமையை நினைவுகூர வேண்டும். 2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியை நான்கு நாடுகள் கூடி நடத்தின. அவற்றுள் மலேசியாவும் ஒன்று. சொந்த மண்ணில், சொந்த மக்களின் கண்முன்னே, சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 என்று நம் குழு தோற்றது. மூன்று ஆட்டங்களில் வாங்கியது பன்னிரண்டு, போட்டது ஒன்று. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நாடு இது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், அரசியல் காரணத்தால் போகாமல் நின்ற நாடு இது. எங்கள் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆனும், கோல் காத்து நின்ற ஆர். ஆறுமுகமும் ஆடிய குழுவுக்கா இந்தக் கதி என்று முதியவர்கள் மனம் வெதும்பினர். இளைஞர்களோ வெதும்பவுமில்லை, அவர்கள் தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கப் போய்விட்டனர். ஒரு குழுவுக்குத் தோல்வியைவிடப் பெரிய ஆபத்து, அதன் தோல்விக்காக வருந்த ஆளில்லாமல் போவதே.

இந்நிலையில் வந்த ராஜகோபால் தெரிந்துகொண்ட வழி எளியது. எளியதாதலின் பலருக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. கையில் உள்ள பிள்ளைகளைக் கொண்டே குழுவைக் கட்டுவது, கட்டிய குழுவைக் கலைக்காதிருப்பது என்பதே அவ்வழி. அதற்கு ஏற்றவாறு இரண்டு வசதிகள் அப்பொழுது இருந்தன. 2009 முதல் 2011 வரை உள்நாட்டு லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் விதித்திருந்தது. இளைஞர்களை ஒன்றாய் வைத்துப் பழக்கும் பொருட்டு ‘ஹரிமாவ் மூடா’ என்னும் குழுவும் 2007 முதல் நடந்து வந்தது. விதை கிடைத்தது, நிலமும் கிடைத்தது. பயிராக்கும் பொறுமை எவருக்கு உண்டு என்பதே கேள்வியாக நின்றது.

2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டு வியந்தியான் நகரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட நம் குழு முதற்சுற்றில் வியட்நாமிடம் 1–3 என்று தோற்றது. பிறகு அதே குழு, 1993 முதல் தொடர்ந்து எட்டு முறை தங்கம் வென்றிருந்த தாய்லாந்தை 2–1 என்று வீழ்த்தி, முதற்சுற்றோடு வெளியேற்றியது. டிசம்பர் 17ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிரே நின்றது முன்னர் தோற்கடித்த அதே வியட்நாம். அந்த ஆட்டம் 1–0 என்று மலேசியாவுக்குக் கிடைத்தது. 1989க்குப் பின், இருபது ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. வென்ற கோல் வியட்நாமியர் ஒருவரின் காலில் பட்டுத் தம் கம்பத்திலேயே புகுந்தது என்பது உண்மைதான். ஆனால் எதிரியைத் தன் கம்பத்தின் முன்னே தடுமாறும்படி நெருக்கியவர் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறு ஆண்டு நடந்ததே என் வாதத்தின் உயிர்நிலை. 2010 டிசம்பர் 1ஆம் நாள், சுசுகி கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில், ஜகார்த்தாவில் இந்தோனீசியாவிடம் மலேசியா 1–5 என்று தோற்றது. இந்தோனீசியக் குழுவில் உருகுவாயில் பிறந்து குடியுரிமை பெற்ற கிறிஸ்தியான் கொன்சாலஸ் ஆடினார். நம் குழுவோ உள்ளூர்ப் பிள்ளைகளால் ஆனது. தலைவர் சபிக் ரஹிமுக்கு வயது 23. கோல்காவலர் கைருல் ஃபாமிக்கு வயது 21. எஸ். குணாளன், கே. குருசாமி முதலிய நம்மவர் பிள்ளைகளும் அதில் இருந்தனர். ஐந்து கோல் வாங்கிய அன்றிரவே பயிற்றுநரின் தலையைக் கேட்கும் குரல்கள் எழும்பிவிட்டன. அவ்வருஷம் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த நான், விடுதி நண்பர்களிடம் அவருக்காக வாதாடி, ஒருவர்கூட என் பக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ராஜகோபால் அப்பிள்ளைகளைக் கைவிடவில்லை. தாய்லாந்தோடு 0–0, லாவோஸை 5–1, அரையிறுதியில் வியட்நாமைப் புக்கிட் ஜாலிலில் 2–0, ஹனோயில் 0–0. இவ்வாறு தோல்விக்குப் பின் நான்கு ஆட்டங்களில் வாங்கியது ஒரே கோல். பிறகு டிசம்பர் 26ஆம் நாள், அதே இந்தோனீசியாவை நிறைந்து வழிந்த புக்கிட் ஜாலில் அரங்கில் 3–0 என்று வென்றனர். சஃபீ சாலி இரண்டும் அஷாரி சம்சுதீன் ஒன்றும் போட்டனர். 29ஆம் நாள் ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்றும், கூட்டுத்தொகையில் 4–2 என்று கிண்ணம் நம்முடையதாயிற்று. அவ்வாட்டத்தில் இந்தோனீசியத் தலைவர் அடித்த பெனால்டியை அந்த 21 வயதுப் பிள்ளை தடுத்து நிறுத்தினார். அக்கிண்ணத்தை மலேசியா வென்றது அதுவே முதல் முறை. அரசாங்கம் டிசம்பர் 31ஆம் நாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது.

ஐந்து கோல் வாங்கிய நாளுக்கும் மூன்று கோல் போட்ட நாளுக்கும் இடையே இருபத்தைந்து நாள்களே இருந்தன. அந்த இருபத்தைந்து நாளில் புதிய ஆட்டக்காரர் எவரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தோற்றவர்களே வென்றார்கள். தோல்வியின் பாடத்தைப் படித்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அப்பாடம் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும். புதிதாய் வருகிறவன் அதற்காக மறுபடியும் ஐந்து கோல் வாங்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் என் பேரேட்டுக்கு வருகிறேன். செம்பனை மரம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் உயர்ந்தும் தளர்ந்தும் போகிறது. அந்த வெளியை வெட்டிச் சாய்த்து, புதுக் கன்று நடுகிறார்கள். நட்டபின் சுமார் முப்பது முதல் முப்பத்தாறு மாதம் வரை அங்கிருந்து ஒரு குலையும் வராது. பால்மரக் காலத்திலோ ஆறேழு ஆண்டு காத்திருந்தார்கள். அதுவரை செலவு மட்டும் உண்டு. மூடுபயிர் விதைக்க வேண்டும். புல் வெட்ட வேண்டும். உரம் போட வேண்டும். கன்றின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பிடிக்க வேண்டும். இச்செலவை நாங்கள் அவ்வாண்டு நஷ்டத்தில் எழுதுவதில்லை. முதலீடு என்று தனித் தலைப்பில் எழுதுகிறோம். இரண்டாம் ஆண்டில் குலை எங்கே என்று கேட்டு எந்தத் துரையும் கன்றைப் பிடுங்கியதாக நான் கண்டதில்லை. லாபத்தையே கடவுளாகக் கொண்ட கம்பெனிகளுக்கு இருக்கும் இந்தப் பொறுமை, விளையாட்டை விளையாட்டாகப் பார்க்க வேண்டிய நமக்கு ஏன் இல்லாமற் போயிற்று? ஜகார்த்தாவில் வாங்கிய ஐந்து கோலும் முதலீட்டில் எழுத வேண்டியவை. நாமோ அவற்றை நஷ்டத்தில் எழுதி, கிராணியைத் திட்டப் புறப்பட்டோம்.

இனி எதிர்க்கட்சியார் கூறுவனவற்றைப் பார்ப்போம். அவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

முதலாவது, புக்கிட் ஜாலிலில் பார்வையாளர் சிலர் லேசர் ஒளி பாய்ச்சி இந்தோனீசியரைக் குழப்பினர், ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது, அதன் பின்னரே கோல்கள் விழுந்தன என்கிறார்கள். ஒளி பாய்ச்சியது உண்மை, அது வெட்கக்கேடு, அதைச் செய்தவர்களை எவ்வளவு கண்டித்தாலும் தகும். ஆனால் அந்த விளக்கு ஹனோயில் எரியவில்லை. ஜகார்த்தாவில் எண்பதாயிரம் பேரின் கூச்சலுக்கு நடுவே பெனால்டியைத் தடுத்ததும் அந்த விளக்கன்று.

இரண்டாவது, வெளிநாட்டாரைத் தடுத்த விதியால் வந்த வெற்றி. பயிற்றுநரால் வந்ததன்று என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு லீக்கில் முன்னணியில் ஆட இடம் கிடைத்ததனாலேயே அவர்கள் தேறினர். நல்ல நிலம் கிடைத்தது விவசாயியின் குற்றமாகுமா? அதே விதி அமலில் இருந்த நாளில் எல்லாருக்கும் அதே பிள்ளைகள்தாம் கண்ணிற் பட்டனர். அவர்களைத் தெரிந்தெடுத்துச் சேர்த்து வைத்தவர் அவரே.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் அங்கே 3–5 என்று தோற்று, இங்கே 1–1 என்று சமன்செய்து, மலேசியா வெளியேறியது. 2012 சுசுகி கிண்ணத்தில், கோலாலம்பூரிலேயே முதல் ஆட்டத்தைச் சிங்கப்பூரிடம் 0–3 என்று இழந்து, அரையிறுதியில் தாய்லாந்திடம் வீழ்ந்தது. கட்டிய வீடு இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஐந்து கோல் வாங்கிய தற்காப்பை அவர் சீர்செய்யவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வெளியை மட்டும் மறுநடவு செய்துவிட்டு, அதிலேயே இருபத்தைந்து ஆண்டுக்கும் குலை வெட்டலாம் என்று எந்தத் தோட்டமும் நினைப்பதில்லை. ஆண்டுதோறும் ஒரு பகுதி நட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த வேலை ஒரு பயிற்றுநருடையதன்று. அது சங்கத்தின் வேலை, லீக்கின் வேலை, பள்ளிகளின் வேலை. 2012இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் லீக்கிற்குத் திரும்பினர். கோல் போடும் இடங்களுக்குக் குழுக்கள் அவர்களைத் தேடுவது இயல்பு. நாற்றங்காலை மூடிவிட்டு, நட்டவனைப் பார்த்து அடுத்த கன்று எங்கே என்று கேட்டால் அவர் எங்கே போவார்?

2013 இறுதியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, அது புதுப்பிக்கப்படவில்லை. ஆளை மாற்றினால் எல்லாம் மாறும் என்றவர்களின் விருப்பம் நிறைவேறிற்று. என்ன மாறிற்று? அடுத்து வந்த டொல்லா சாலே 2014இல் குழுவைச் சுசுகி கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். மறு ஆண்டு பாலஸ்தீனத்திடம் 0–6. 2015 செப்டம்பர் 3ஆம் நாள் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–10. அவரும் விலகினார். 2018இல் ஃபிஃபாவின் உலக வரிசையில் மலேசியா 178ஆம் இடத்திற்கு இறங்கிற்று. டொல்லா சாலேயைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் அதே கூச்சலுக்குப் பலியானவரே. நாற்காலியில் இருப்பவரை மாற்றுவதால் நாற்றங்கால் பசுமையாகிவிடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

பின்னர் குறுக்குவழியும் வந்தது. 2025 ஜூன் 10ஆம் நாள், வெளிநாட்டில் பிறந்து மலேசிய வமிசத்தார் என்று சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர்களோடு, வியட்நாமை 4–0 என்று மலேசியா வென்றது. ஊரெங்கும் கொண்டாட்டம். செப்டம்பரில், அவர்களுள் எழுவரின் பாட்டன் பாட்டிமார் பிறந்த இடம் பற்றிய பத்திரங்கள் பொய்யாக்கப்பட்டவை என்று ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்பளித்து, ஆட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தடையும் சங்கத்திற்கு அபராதமும் விதித்தது. சங்கம் செய்த மேல்முறையீட்டையும் நவம்பரில் ஃபிஃபா தள்ளிற்று. வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்திற்குப் போயிற்று. குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. வெளியிலிருந்து வந்தவர்களை வெறுப்பதும் என் கருத்தன்று. நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தவர்களே. நான் கேட்பதெல்லாம் இதுதான்: 2010ஆம் ஆண்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடு என்று இன்றுவரை எவராவது கேட்டதுண்டா? கையிலுள்ளதைக் கொண்டு வென்றது கையிலேயே நிற்கிறது.

இது மலேசியாவுக்கு மட்டும் பொருந்தும் செய்தியன்று. இந்தியாவின் ஹாக்கிக் குழுவைப் பாருங்கள். நம் சென்னை வி. பாஸ்கரனின் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற குழு அது. 2008இல் ஒலிம்பிக்கிற்குத் தகுதியே பெறவில்லை. 2012இல் லண்டனில் பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக நின்றது. லண்டனில் கடைசியாக நின்ற அக்குழுவில் ஸ்ரீஜேஷும் இருந்தார். மன்பிரீத் சிங்கும் இருந்தார். அவர்களைத் தூக்கி எறிந்திருந்தால், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என்று வென்று, நாற்பத்தொரு ஆண்டுக்குப் பின் பதக்கம் பெற்ற குழுவுக்குத் தலைவரும் கோல்காவலரும் எங்கிருந்து வந்திருப்பர்? இங்கிலாந்திலோ, 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் முதல் கிண்ணத்தைத் தொட்டது 1990 மே மாதத்தில். அதற்குச் சில மாதம் முன்பு, அவரைப் போகச் சொல்லி அரங்கிலேயே பதாகை பிடித்தார்கள். பிறகு அவர் பதின்மூன்று முறை லீக் வென்றார். பதாகை பிடித்தவர் பேச்சைக் கேட்டிருந்தால் அப்பதின்மூன்றும் இல்லை.

இவ்வளவையும் இப்பொழுது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில் பதினைந்து வயதுக்குட்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் காற்பந்துக் குழு ஒன்று இருக்கிறது. அதன் கணக்கை எழுதுபவன் நான். ஒரு காலத்தில் தோட்டந்தோறும் திடலும், திடல்தோறும் ஒரு குழுவும் இருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நம்மவர் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் பெயர்ந்தனர். என் பெரட்டுக் களத்தில் இப்பொழுது நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தாரும் இந்தோனீசியரும் நேபாளியருமே. பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளே இக்குழுவில் ஆடுபவர்கள். அவர்களைப் பழக்குபவர் பகலில் லாரி ஓட்டி, மாலையில் ஒரு வெள்ளியும் வாங்காமல் திடலுக்கு வருபவர்.

இவ்வாண்டு அக்குழு தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றது. உடனே நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. ஒன்று, லாரி ஓட்டுபவரை விலக்குவது. மற்றொன்று, வரப்போகும் கிண்ணப் போட்டிக்கு வெளியூரிலிருந்து தேர்ந்த பிள்ளைகள் ஐவரைப் படி கொடுத்து வரவழைப்பது. தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர், நல்லவர், தம் சொந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கித் தந்தவர். நான் மறுத்தபொழுது அவர் கூறினார்: “தம்பி, உங்களுக்குப் பேரேடு தெரியும், பையன்களின் மனம் தெரியாது. எட்டு ஆட்டம் தோற்றவன் ஒன்பதாவது ஆட்டத்துக்கு வரமாட்டான். அவனைக் கூப்பிடுவதற்குத் தெருமுனையில் வேறு கூட்டம் காத்திருக்கிறது. ஒரு கிண்ணம் கையில் வந்தால்தான் அவனைத் திடலில் நிறுத்தலாம்.”

அவர் பேச்சில் உள்ள பயம் வெறும் பயமன்று. அந்தத் தெருமுனைக் கூட்டம் எங்கள் பிள்ளைகள் சிலரை விழுங்கியதை இருவரும் அறிவோம். எனினும் அவருக்கு நான் சொன்ன விடை இது: “ஐயா, நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் உண்டு. ஐந்து பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தால் நம் பிள்ளைகள் ஐவர் உட்கார வேண்டும். உட்கார்ந்த ஐவரும் எங்கே போவார்கள்? நாம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்துக்கொள்ளும் நேரத்தில், அவர்கள் அந்தத் தெருமுனையில்தான் நிற்பார்கள். தோற்றதனால் வராதவனை மறுநாள் வீட்டுக்குப் போய் அழைத்து வரலாம். உனக்கு இங்கே இடமில்லை என்று நாமே சொல்லிவிட்டவனை எந்த முகத்தோடு அழைப்பது?” அவர் பதில் கூறவில்லை, தீர்மானத்தைத் திரும்பப் பெறவுமில்லை. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும்.

எங்கள் மாநிலத்திலேயே கண்ட பாடம் ஒன்றும் உண்டு. மலாக்கா யுனைடெட் என்னும் பெருங்குழு, நாட்டின் முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தபொழுதே, 2023 பருவத்திற்கான உரிமம் கிடைக்காமல் லீக்கிலிருந்து நீங்கிற்று. ஹாங் ஜெபாட் அரங்கில் கத்திக் களித்தவர்களுக்கு ஒரே நாளில் குழு இல்லாமற் போயிற்று. பணத்தால் நிற்கும் குழு, பணம் நின்றால் நின்றுவிடும். பிள்ளைகளால் நிற்கும் குழுவுக்கு அந்தப் பயம் இல்லை. 2011இல், ராஜகோபாலின் கிண்ணத்துக்கு மறு ஆண்டே, மலாக்காவில் பிறந்த ஓங் கிம் சுவீ மற்றொரு தலைமுறை இளைஞர்களைக் கொண்டு ஜகார்த்தாவில் தென்கிழக்காசியத் தங்கத்தை மீண்டும் வென்றார். அதுவும் ஹரிமாவ் மூடா நாற்றங்காலில் முளைத்த பயிரே.

நண்பர்காள், பயிற்றுநர்கள் விலக்கப்படவே கூடாது என்று நான் கூறவில்லை. சோம்பேறியை விலக்குங்கள், பிள்ளைகளை அவமதிப்பவனை விலக்குங்கள், உறவினனுக்கு இடம் கொடுப்பவனை விலக்குங்கள். ஆனால் விலக்குமுன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேளுங்கள். இவர் வந்தபொழுது எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள், இன்று எத்தனை பேர் ஆடுகிறார்கள்? முதலில் தோற்றவனிடம் மறுமுறை எப்படி ஆடினார்கள்? தோற்ற பிள்ளை மறுநாள் திடலுக்கு வந்தானா? இவர் போனபின் வருகிறவருக்கு நாம் எத்தனை ஆண்டு கொடுக்கப் போகிறோம்?

இக்கேள்விகளுள் முதல் மூன்றையும் 2010 டிசம்பர் 2ஆம் நாள் காலையில் நிதானமாகக் கேட்டிருந்தால், ராஜகோபாலின் தலையைக் கேட்ட குரல்கள் எழுந்திரா. நான்காவதை 2013இல் கேட்டிருந்தால், அபுதாபியில் பத்துக் கோல் வாங்கிய இரவும் ஒருவேளை வந்திராது. எங்கள் லாரிக்கார நண்பரைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்கு விடை என் பேரேட்டில் இருக்கிறது: அவர் வந்தபொழுது ஒன்பது பிள்ளைகள்; இன்று இருபத்தாறு. எட்டாவது தோல்விக்கு மறுநாள் திடலுக்கு வந்தவர்கள் இருபத்து நால்வர். அக்கணக்கை அடுத்த கூட்டத்தில் வாசிப்பேன். அதைக் கேட்டபின்னும் அவர் வேண்டாம் என்று பெரும்பான்மையோர் சொன்னால், விலக்கும் தீர்மானத்தை நானே சுத்தமான எழுத்தில் எழுதித் தருவேன். அதன் கீழே இந்த இரண்டு எண்களையும் எழுதி வைப்பேன்.